இன்னும் ஒரே ஒரு சீசன்

அருமை மகனுக்கு உன் உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கை ரஹ்மாவும் அவள் மாப்பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். எப்போதும் ‘சுகம்’ என்றுதான் எழுதுவேன், இந்த முறை அந்தச் சொல்லை எழுதக் கை போகவில்லை. நோய் நொடி ஒன்றும் இல்லை, பயப்படாதே. அலுப்பு. காலையில் எழுந்திருக்கும்போதே அலுப்பாக எழுந்திருக்கிறேன். எனக்கு அரபு எழுத்தில், அரபுத்தமிழில் எழுதத்தான் கை ஓடும். நீ சின்ன வயதிலேயே சைகோனுக்குப் போய் அதை மறந்து தொலைத்துவிட்டதால், உனக்காக இந்தத் தமிழ் எழுத்தில் எழுத வேண்டியிருக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அது உன்னால் வந்த வினை என்று பொறுத்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்து இரண்டு மாதமாகிறது. நடுவில் இரண்டு தந்தியும் அடித்துவிட்டாய். உம்மா மவுத்தாகிவிட்டாளோ என்று பயந்திருப்பாய். வேண்டுமென்றேதான் பதில் போடாமல் இருந்தேன், ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கடிதத்தில் இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். ஒன்று, இத்தனை வருஷம் உன்னை வைத்துக்கொண்டிருந்த துணி மில்லின் கூடைப்பந்துக் குழுவில் உன்னை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெல்ஜியம் என்ற நாட்டில் நிலக்கரி வெட்டுகிற ஓர் ஊரில் சின்னக் குழு ஒன்று கூப்பிடுகிறது, இன்னும் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு வந்துவிடுகிறேன், துஆ செய்யுங்கள் என்று கேட்டிருந்தாய். இரண்டாவது, மாமா மகள் சபியாவுடன் உனக்குப் பேசி வைத்திருக்கிற நிக்காஹை நீ வரும்வரை தள்ளிப்போட வேண்டாம், உனக்குப் பதிலாகக் காதர் காக்காவை வக்கீலாக உட்கார வைத்து இந்த வருஷமே முடித்துவிடுங்கள் என்று, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு ஒரு தாளையும் உறைக்குள் வைத்திருந்தாய். அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கிறது பார்.

கோபப்படாதே. இல்லை, கோபப்பட்டாலும் பரவாயில்லை. மார்க்கத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். நம் ஊரில் எத்தனையோ பேருக்கு அப்படி நடந்திருக்கிறது. மாப்பிள்ளை ரங்கூனில் இருப்பான், இங்கே அவன் பெரியவாப்பாவோ மச்சானோ பந்தலில் உட்கார்ந்து ‘இன்னாருக்காகக் கபூல் செய்தேன்’ என்று சம்மதம் சொல்வார். பெண் அன்றைக்கு ராத்திரி உடுத்திய பட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உம்மாவோடு படுத்துக்கொள்வாள். கடல் கடந்து சபருக்குப் போகிற ஆண்களைப் பெற்ற ஊர் இது, அதற்கேற்ற மாதிரி எல்லாவற்றையும் வசதியாக அமைத்து வைத்திருக்கிறோம். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும் அதனால்தான். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் தங்குவான், இரண்டு மூன்று மாதம் இருப்பான், கப்பல் ஏறிவிடுவான். அவள் தன் உம்மா வாப்பாவோடு தன் வீட்டில் இருந்துகொள்வாள். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நல்ல ஏற்பாடுதான். அந்த ஏற்பாட்டில் முப்பது வருஷம் வாழ்ந்தவள் சொல்கிறேன்.

உன் வாப்பாவை உனக்குப் பத்து பதினோரு வயதில்தான் நீ முதன்முதலாகச் சரியாகப் பார்த்தாய். யுத்தம் முழுக்க அவர் சைகோனில் மாட்டிக்கொண்டு, செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாமல் நாங்கள் கிடந்து, கடைசியில் நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் வந்து சேர்ந்தார். இராமநாதபுரத்திலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கி வாசலில் நின்றவரைப் பார்த்து நீ உள்ளே ஓடிவந்து, “உம்மா, யாரோ வந்துருக்காக, ஒங்க பேரைச் சொல்லிக் கேக்குறாக” என்றாய். அவருக்கு அது காதில் விழுந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, திரும்பிப் போகும்போது உன்னையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். “கடைப் பக்கம் வளந்தாத்தான் இவனுக்கு ஏவாரம் பிடிபடும். இந்த ஒரு பயணம்தான் புள்ளே, கடையை வித்துட்டு ரெண்டு பேரும் வந்துருவோம்” என்றார். அடுத்த வருஷம் ரஹ்மா பிறந்தாள். அவள் படத்தை அனுப்பினேன். அவளை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் இந்த ஒரு வருஷம், இந்த ஒரு வருஷம் என்றே எழுதினார். கடையும் விற்கவில்லை, ஏவாரமும் உனக்குப் பிடிபடவில்லை.

உனக்குப் பிடிபட்டது வேறு. கடைக்குப் பின்னால் சீனர்களின் பள்ளிக்கூடம், அங்கே கம்பத்தில் இரும்பு வளையம், அதற்குள் பந்தைப் போடுகிற விளையாட்டு. “ஒன் மகன் பனைமரம் மாதிரி வளர்றான், கடையில ஒரு சாமான் எடுக்க ஏணி வேண்டியதில்லை, ஆனா கடையிலதான் இருக்க மாட்டேங்கிறான்” என்று உன் வாப்பா எழுதியதைப் படித்து நான் சிரித்தேன். வாப்பா அங்கேயே மவுத்தாகி, பிரெஞ்சுக்காரர்களும் மூட்டை கட்டியபோது உனக்குப் பத்தொன்பது வயது. கடையில் சரக்கு எடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் பிரான்சில் இருக்கிற மார்சேய்க்குப் புறப்பட்டார், நீயும் அவரோடு கப்பலேறினாய். வீட்டுக்கு வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து கடிதம்தான் வந்தது. சோப்புக் கம்பெனிக் கிடங்கில் வேலை, சாயங்காலம் கம்பெனிக் குழுவில் கூடைப்பந்து என்று எழுதியிருந்தாய்.

நீ என்ன வேலை செய்கிறாய் என்பது எனக்கு விளங்கவே வெகு நாள் பிடித்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை வந்தாயே, அப்போது கொல்லைத் தென்னையில் தண்ணீர்ப் பீப்பாயின் இரும்பு வளையத்தை அடித்து மாட்டி, நாள் முழுக்கப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாய். அன்றைக்கு அடுப்படியில் வந்து உட்கார்ந்து எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னாய். பிரான்சில் வடக்கே துணி மில் இருக்கிற ஊரில் பெரிய குழு உன்னை எடுத்துக்கொண்டது, மில் கணக்கில் நீ குமாஸ்தா, காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் மற்ற நேரமெல்லாம் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஊர் ஊராகப் போய் ஆடுவது, சம்பளம் அதற்குத்தான் என்று. “அப்ப நீ பந்து போட்டுச் சம்பாதிக்கிறியா?” என்று கேட்டேன். “இல்ல உம்மா, போடுறவன் வேற. அவன் போட்டுத் தவறிப்போகுற பந்தை எட்டிப் பிடிக்கிறதுதான் என் வேலை” என்றாய். வளையத்துக்குக் கீழே இடித்துக்கொண்டு நிற்க வேண்டும், எல்லாரும் குதிக்கும்போது அவர்களுக்கு ஒரு நொடி முன்னால் குதிக்க வேண்டும், விலாவில் முழங்கை விழும், பல் உடையும், ஆனால் பந்து உன் கைக்கு வந்தால் குழு பிழைத்தது என்று விளக்கினாய். சொல்லும்போது உன் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. அதனால்தான் அந்த வேலையை விட்டுவிடு என்று உன்னிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஊருக்கு மட்டும் மில்லில் கணக்கு எழுதுகிறான் என்றே சொல்லி வைத்தோம். அது எத்தனை நாள் தாங்கும்? கப்பலில் சமையல் பார்க்கிற காதர் காக்கா மார்சேயிலிருந்து பத்திரிகைத் துண்டு ஒன்றைப் பெருமையாகக் கொண்டுவந்து, நேராக உன் மாமா கையில் கொடுத்துவிட்டார். தொடை தெரியக் கால்சட்டை போட்டுக்கொண்டு, கையில்லாத பனியனோடு, நீ வானத்தில் நிற்கிற படம். என் தம்பி அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டான். “லாத்தா, இவன் மில்லுல என்ன வேலை பாக்குறான்?” என்றான். “மில்லுக்குள்ள சூடு சாஸ்தியாம் தம்பி, எல்லாரும் இப்படித்தான் உடுத்துறாகளாம்” என்றேன். அவன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். “போன மாசம்தான் அங்கன பனி கொட்டுதுன்னு எழுதியிருந்தான்” என்றான். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, உண்மையைச் சொல்லிவிட்டேன். படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைக் காதர் காக்கா வாசித்துக் காட்டினார். உன்னை அந்த ஊர்க்காரர்கள் ‘பெரிய ஹிந்து’ என்று கூப்பிடுகிறார்களாம், இந்தியாவிலிருந்து வந்தவன் எவனும் அவர்களுக்கு ஹிந்துதானாம். மாமா தலையில் கை வைத்துக்கொண்டான். நோன்பு வைத்துக்கொண்டே ஓடுகிற பிள்ளைக்கு வாய்த்த பேரைப் பார் என்று ரஹ்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

நீ வந்திருந்த அந்த மூன்று மாதத்தில்தான் சபியாவை உனக்குப் பேசினோம். அவள் அப்போது தாவணி போட ஆரம்பித்திருந்தாள். நீ கொல்லையில் பந்து தட்டுவதை மாடி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். உனக்கும் அது தெரியும், தெரிந்துதான் கூடக் கொஞ்சம் குதித்தாய், எனக்குத் தெரியாதா? என் தம்பி, “சீசன் முடிஞ்சு வரும்போது வச்சுக்கிடுவோம், இன்ஷா அல்லாஹ்” என்றான். சீசன் என்ற சொல் அன்றைக்குத்தான் நம் குடும்பத்துக்குள் வந்தது. அதன்பிறகு அந்தச் சொல்லைக் கேட்காத வருஷம் இல்லை. ஒரு சீசனில் உங்கள் குழு மேல் பிரிவுக்குப் போனது, விட்டுவிட்டு வர முடியாது என்றாய். அடுத்த சீசனில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது, இந்த நேரத்தில் விட்டுவிட்டு வந்தால் துரோகம் என்றாய். ஏறினாலும் வரவில்லை, இறங்கினாலும் வரவில்லை. புயல் வந்து தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்த மார்கழியில், ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றுகிற அறையில் யாரோ பேப்பரைக் காட்ட, நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்று தெரியாமலே போய் ஆடினேன் என்று எழுதியிருந்தாய். தந்தி கிடைக்கும்வரை சாப்பிடவில்லை என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு, சரி, இப்போதாவது வருவான் என்று நினைத்தேன்.

நீ வராமல் போனதில் என் பங்கும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. முதன்முதலாக உன் முட்டி விலகி, உள்ளே இருந்த சவ்வை அறுத்து எடுத்த வருஷம், ‘போதும் உம்மா, வந்துவிடட்டுமா’ என்று நீயாகவே கேட்டாய். அப்போது ரஹ்மாவுக்குக் கட்டிய வீடு சுவரோடு நின்றது. வீடு முடியாமல் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க முடியாது. ‘கூரை ஏறுகிறவரைக்கும் பல்லைக் கடித்துக்கொள் வாப்பா’ என்று எழுதினேன். நீ கடித்துக்கொண்டாய். கூரை ஏறிவிட்டது, ரஹ்மாவும் நல்லபடியாக இருக்கிறாள். நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிடுகிறேன், அவ்வளவுதான்.

போன ரமலானுக்கு வந்த காதர் காக்கா, உனக்காக நான் கொடுத்தனுப்பிய தொதல் அல்வாவை உன் அறைக்கே வந்து கொடுத்ததைச் சொன்னார். நீ எழுதாததையும் சொன்னார். “மூணாவது மாடி தங்கச்சி. நா போகும்போது கீழ இறங்கி வந்தான். கைப்பிடியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, பக்கவாட்டுல ஒவ்வொரு படியா இறங்குறான். என்னைவிட மெதுவா இறங்குறான். ஞாயித்துக்கிழமை காலையில டாக்டர் ஊசி போடுறாராம், ஆட்டம் முடியுறவரைக்கும் வலி தெரியாதாம்” என்றார். அவருக்கு அறுபது வயது. உனக்கு முப்பது. மகனே, வலி தெரியாமல் செய்கிற ஊசி உன்னுடைய முட்டிக்காகப் போடுவதில்லை, அவர்களுடைய ஆட்டத்துக்காகப் போடுவது. இது எனக்கே விளங்குகிறது, உனக்கு விளங்காமல் இருக்காது. பெல்ஜியத்துக்காரன் உன்னைக் கூப்பிடுவது பழைய படத்தைப் பார்த்து. அவன் உன்னைப் படியில் இறங்கச் சொல்லிப் பார்க்கவில்லை.

இனி சபியா விஷயம். உன் கடிதம் வந்த வாரம், மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பெண்கள் போய்வருகிற சந்து வழியாக அவள் வந்தாள். கடிதத்தில் நீ என்ன கேட்டிருக்கிறாய் என்பது அதற்குள் அவள் வீட்டுக்கும் தெரிந்துவிட்டது, அவள் வாப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அவளுக்கு வீடு கட்டிப் பெயின்ட் அடித்து இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது, ஊர் வாயை அடைக்க ஒரு வழி கிடைத்ததே என்று. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தில் பாதியை இழுத்து வைத்துக்கொண்டு அரிந்தாள். அப்புறம், “மாமி, ஒண்ணு கேப்பேன், கோவிக்கக் கூடாது” என்றாள்.

“கேளு.”

“மாமா மொகம் ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“இது என்ன கேள்வி? பெத்த புள்ளைக்கு வாப்பா, கட்டுன புருசன், மொகம் ஞாபகம் இல்லாம போகுமா?” என்று சீறினேன். அவள் தலை நிமிரவில்லை. “போட்டோ இல்லாம, மாமி. போட்டோவை நெனைக்காம நெனச்சுப் பாருங்க” என்றாள்.

நினைத்துப் பார்த்தேன். உன் வாப்பாவின் கறுப்புக் கோட்டு ஞாபகம் வந்தது, குல்லா ஞாபகம் வந்தது. அதெல்லாம் கூடத்தில் மாட்டியிருக்கிற படத்தில் உள்ளவை. அதைத் தள்ளிவிட்டு, சாப்பிடும்போது, தூங்கும்போது, என்னோடு பேசும்போது எப்படி இருந்தார் என்று தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. வெள்ளையாக இருக்கிறது. அவரோடு நான் சேர்ந்து இருந்த நாள்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் மூன்று வருஷம் தேறாது மகனே. அது இத்தனை நாள் எனக்குத் தோன்றியதே இல்லை, ஏனென்றால் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. என் முகத்தைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது. “எனக்கு மச்சான் மொகமும் போட்டோதான் மாமி. அதைச் சொல்லத்தான் வந்தேன்” என்றாள். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் வீட்டுப் பெண்கள் சொல்லவும் மாட்டார்கள். வெங்காயத்தை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் என் தம்பி பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் நாள் கேட்டுக்கொண்டு வந்தான். வக்கீலாக இருப்பதற்குக் காதர் காக்கா புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நான், “இது நடக்க வேண்டாம் தம்பி” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. “எது?” என்றான். “நிக்காஹ். இந்த மாதிரி வேண்டாம். ஒன் மகளுக்கு வேற எடம் பாரு” என்றேன். முகம் கறுத்துவிட்டது. “எட்டு வருசமா என் புள்ளையைக் காக்க வச்சுட்டு, இப்ப வேற எடம் பாருன்னா என்ன அர்த்தம்? என் மக ஒங்களுக்கு இளக்காரமாப் போச்சா? அங்கன வெள்ளைக்காரி எவளையும் புடிச்சுக்கிட்டானா?” என்று கத்தினான். தெருவுக்கே கேட்டிருக்கும். “அவனுக்காகப் பேசல தம்பி, அவளுக்காகப் பேசுறேன். இத்தனை வருசம் இந்த வீட்டுல நா உக்காந்திருந்ததை நீ பாத்தேல்ல. அதே மாதிரி அவளும் உக்காரணுமா?” என்றேன். “ஒங்களுக்கு என்ன கொறை வச்சாரு மச்சான்?” என்றான். பணம் வந்தது, சேலை வந்தது, கடிதம் வந்தது. எல்லாம் வந்தது. தேநீரைத் தொடாமல் எழுந்து போனவன் அதற்கப்புறம் என் வாசல்படி மிதிக்கவில்லை. அவன் வந்தால் ஒழிய வெள்ளிக்கிழமைக் கறி எனக்கு இறங்காது என்பது உனக்குத் தெரியும்.

உன்னைக் கேட்காமல் செய்தேன் என்று நீ சொல்வாய். உண்மைதான். கேட்டிருந்தால் நீ என்ன எழுதியிருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். ‘இந்த ஒரு சீசன் முடியட்டும் உம்மா.’ அதனால்தான் எல்லாம் முடிகிறவரை உனக்குப் பதில் போடவில்லை. நீ கெட்டவன் இல்லை. சபியாமேல் உனக்கு ஆசை இல்லை என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் உனக்கு வேண்டியது திரும்பி வந்தால் இருக்கிற ஓர் இடம். உனக்கு ஆட்டம் கையை விட்டுப் போகிறது, அந்தப் பயத்தில் இங்கே ஒன்றைக் கட்டி முடிச்சுப் போட்டு வைத்துவிட்டால் நிம்மதியாக அங்கே ஆடலாம் என்று நினைத்தாய். உன் வாப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். பெண்பிள்ளை அதற்கான ஆள் இல்லை மகனே. இனி எந்தப் பெண்ணையாவது நீ நிக்காஹ் செய்தால், நீயே வந்து உட்கார்ந்து, உன் வாயால் கபூல் சொல்லு. அவள் உன்னைப் பார்க்கட்டும். படியில் எப்படி இறங்குகிறாய் என்பதையும் பார்க்கட்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சபியாவுக்குப் போன வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை இராமநாதபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். சொத்து சுகம் ஒன்றும் இல்லை, சபருக்குப் போகிற எண்ணமும் இல்லையாம். கப்பலேறாத மாப்பிள்ளைக்கா அந்த வீடு என்று ஊரில் சிரிக்காதவர்கள் இல்லை. என் தம்பி என்னை அழைக்கவில்லை, ரஹ்மாவைத்தான் அழைத்தான். அழைக்காமலே போனேன். பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன், யாரும் என்னோடு பேசவில்லை, தட்டை மட்டும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். மூன்றாம் நாள் சபியா என்னைப் பார்க்க வந்தாள். தனியாகத்தான் வந்தாள், அவள் வாப்பாவுக்குத் தெரியாமல் வந்திருப்பாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, போகும்போது சொன்னாள். “மாமி, அவுக நாளையிலருந்து பள்ளிக்கூடம் போறாக. காலையில ஏழரை பஸ்ஸுக்குப் போனா, சாயங்காலம் அஸருக்கெல்லாம் வந்துருவாகளாம்.”

அதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஏதோ அதிகப்படியாகக் கேட்டு வாங்கிக்கொண்டவள் மாதிரி. அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். உனக்குக் கிடைக்க வேண்டிய பெண் போய்விட்டாளே என்று அழவில்லை. காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவார் என்று, இந்த வயது வரைக்கும் யாரைப் பற்றியும் நான் சொன்னது கிடையாது. அதற்காகத்தான் அழுதேன்.

பெல்ஜியத்துக்குப் போகிறதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். துஆ கேட்டாய், எங்கே இருந்தாலும் உனக்குத் துஆ உண்டு. போனால் ஊசி போட்டுக்கொள்ளாதே. வலித்தால் வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துவிடு, தவறிப்போகிற பந்தை வேறு எவனாவது பிடிக்கட்டும். வருவதாக இருந்தால், அதைக் கடிதத்தில் எழுதாதே. தந்தியும் அடிக்காதே. வருகிறேன், இதோ வருகிறேன் என்று உன் வாப்பா எழுதியதையும் நீ எழுதியதையும் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது வாப்பா. இப்போது உனக்காகக் காத்திருப்பது நான் ஒருத்திதான், என்னிடம் நீ சொல்லிக்கொண்டு வர வேண்டியதில்லை. வந்துவிடு.

உன் உம்மா